யாருடைய சிரிப்பு

பூபதிக்கு வலிப்பு நின்று ஒரு மழைக்காலம் முழுதாகக் கடந்துவிட்டது. அதைச் சொல்லி அக்கம்பக்கத்தார் சந்தோஷப்பட்டபோதெல்லாம் வசுமதியும் சிரித்து வைத்தாள். கதவைச் சாத்தி உள்ளே வந்ததும் அந்தச் சிரிப்பு தானாக வடிந்துவிடும்.

தம்பிக்கு இருபத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்தே ஆட்டிசம். பள்ளிக்கூடம் போகிற வயதில் வலிப்பும் வந்து சேர்ந்துகொண்டது. பேச்சு என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு கணபதி என்ற பகுதியில் இருந்த ஒரு மாடிவீட்டில் அக்காவும் தம்பியுமாக இருந்தார்கள். வசுமதி ஒரு பம்புசெட் கம்பெனியில், தயாராகி வரும் மோட்டார்களை ஓட்டிப் பார்த்து அனுப்புகிற பிரிவில் இன்ஜினியர். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் பூபதி பகல்நேர மையத்தில் இருப்பான்.

வலிப்பு என்றால் சாதாரண வலிப்பு இல்லை. குளியலறையில் விழுந்து தாடை கிழிந்திருக்கிறது. பஸ்ஸில் வந்திருக்கிறது. கடைசியாக வந்தபோது துடிப்பு அடங்கியும் மூச்சு திரும்பவில்லை. உதடு நாவற்பழ நிறத்துக்குப் போய்விட்டது. வசுமதி அவன் நெஞ்சில் அறைந்து அறைந்து பெயரைச் சொல்லிக் கத்தினாள். பிறகு எப்படியோ ஒரு மூச்சு வந்தது. அந்த இடைவெளியில் அவள் பார்த்த முகம் அவளை விட்டுப் போகவே இல்லை. சோறு பிசையும்போது வரும், மோட்டார் ஓட்டும்போது வரும்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் 'அரண்' பொருத்தினார்கள். சட்டைப் பொத்தான் அளவில், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும் கருவி. அதிலிருந்து மயிர்போன்ற கம்பிகள் மூளைக்குள் போகும். வலிப்பு கிளம்பும்போதே கண்டுபிடித்து அமுக்கிவிடும். கொஞ்ச நாள் வெறுமனே கவனித்துப் பதிவு செய்தது, பிறகு அமுக்கத் தொடங்கியது. தொடங்கிய நாளோடு வலிப்பு நின்றது.

பூபதிக்கு உலகத்தில் ஒரே ஒரு பெரிய சந்தோஷம் இருந்தது. காலையில் வசுமதி மோட்டார் போட்டதும் மொட்டைமாடிக்கு ஓடுவான். தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற குழாய் முதலில் காற்றை இருமும். அந்த இருமலிலேயே அவனுக்கு உள்ளே ஏதோ ஏறத் தொடங்கிவிடும். இரண்டு கைகளையும் காதருகே வைத்துச் சிறகுபோல் அடித்துக்கொள்வான். தொண்டைக்குள் 'ங்ங்' என்று மெல்ல எழும்பி, தண்ணீர் கொட்டும்போது 'ஙா!' என்று வெடிக்கும். அது தெருமுனைவரை கேட்கும். பால்காரர் அதைக் கேட்டுத்தான் மணி பார்ப்பதாகச் சொல்வார்.

அரண் வந்தபிறகும் பூபதி மாடிக்கு ஏறினான். குழாய் இருமியது. கை காதுவரை எழும்பியது. அப்படியே நின்று, கீழே இறங்கியது. தண்ணீர் விழுவதை, யாரோ சொல்லக் கேட்ட செய்தியைப் போல் பார்த்துக்கொண்டு நின்றான். தினமும் இதுதான். சாப்பிட்டான், தூங்கினான், சொன்னால் வந்தான், சொன்னால் போனான். தம்பியின் உடம்பை யாரோ பத்திரமாகத் துடைத்து வைத்துவிட்டு, அவனை எங்கோ கூட்டிக்கொண்டு போய்விட்டதுபோல வசுமதிக்குத் தோன்றியது.

மூளை நரம்பு டாக்டர் ஹெப்சிபா வசுமதியைவிடக் கொஞ்சம் மூத்தவர். எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவர்.

"சிரிக்கறதே இல்லைங்க டாக்டர். அழுகறதும் இல்ல. மாத்திரையினாலயா?"

"மாத்திரை இல்ல, வசுமதி. அரண்தான்." டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டார். "மூளையில ஒரு வகை செல் முடுக்கிவிடும், இன்னொரு வகை பிரேக் போடும். பூபதிக்குப் பிறவியிலேயே பிரேக் தளர்வு. அதனாலதான் சத்தமும் வெளிச்சமும் நமக்கு எட்டறதைவிட அவனுக்குப் பல மடங்கா உள்ள போகுது. அதே தளர்வு அளவு மீறினா வலிப்பு. ஆட்டிசம் இருக்கற எல்லாருக்கும் இப்படின்னு சொல்ல மாட்டேன். ஆனா இவனை மாதிரி சிலருக்கு ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான்."

"சரிங்க. சிரிப்புக்கும் அதுக்கும் என்ன?"

டாக்டர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். அதில் இரண்டு கோடுகள். இரண்டும் சமதரையாக ஓடி, மெல்ல நடுங்கி, மேலே ஏறத் தொடங்கும் இடத்தில் நின்றன.

"ரெண்டும் அமுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னால பதிவானது. ஒண்ணு வலிப்புக்கு முந்தின நொடி. இன்னொண்ணு மொட்டைமாடியில குழாய் இருமின நொடி. எது எதுன்னு சொல்லுங்க."

வசுமதி பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"தெரியலைங்க."

"எனக்கும் தெரியாது. அரணுக்கும் தெரியாது. அதனால ரெண்டையும் அமுக்குது."

வசுமதி கம்பெனியில் தினமும் பார்க்கிற விஷயம்தான் இது.

"மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது அஞ்சாறு மடங்கு கரண்ட் இழுக்குமுங்க. பழுதானாலும் கரண்ட் அப்படித்தான் ஏறும். கரண்ட்ட வெட்டிவிடற ரிலேவ ரொம்ப இறுக்கி வெச்சா, ஸ்டார்ட் ஆகும்போதே ட்ரிப் ஆயிரும். மோட்டார் எரியாது. ஓடவும் ஓடாது."

"அதேதான்" என்றார் டாக்டர்.

"அப்பத் தளர்த்தி வைக்கலாம்ங்களே?"

"வைக்கலாம். ஒரு பொண்ணுக்கு வெச்சோம். மேட்டுப்பாளையத்துப் பொண்ணு, இருபது வயசு. பூபதி மாதிரியேதான். அவங்க அம்மா கேட்டாங்க, எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் செஞ்சோம். ரொம்ப நல்லா இருந்தா. அடிக்கடி வலிப்பும் வந்துச்சு. ஒரு நாள் தூக்கத்துலயே வலிப்பு வந்து போயிட்டா."

வசுமதியின் கண்முன் நாவற்பழ நிறத்தில் அந்த முகம் வந்து நின்றது.

"அவங்க அம்மாவைப் பாக்க முடியுங்களா?"

"கேட்டுப் பாக்கறேன். அவங்க சரின்னா."

அந்த அம்மா சரி என்றாள். பெயர் ஜமீலா. மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டை ஒட்டிய சந்தில் தையல்கடை. வசுமதி பூபதியையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். ஜமீலா பூபதியைத்தான் முதலில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இவனுக்கும் காதுக்குப் பின்னாலதானா?" என்று கேட்டு, பதிலை எதிர்பார்க்காமல் அவனுக்கு விசிறி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டாள்.

பேசிக்கொண்டே உள்பாவாடைத் துணியில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வைத்து, இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழித்தாள். பூபதி காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே துணி கிழிகிற சத்தம் அவனுக்கு ஆகாது. அதை அவன் காட்டவாவது செய்தானே என்று வசுமதிக்கு அற்பமாக ஒரு ஆறுதல்.

"மன்னிச்சுக்கப்பா" என்று ஜமீலா துணியை மடியில் போட்டுக்கொண்டாள். "எம்மவ ரிஸ்வானாவுக்கு இந்தச் சத்தம்னா உசுரு. நான் துணியெடுத்தாப் போதும், எங்கிருந்தாலும் ஓடியாந்துருவா. ரெண்டு தடவ 'ஹெக், ஹெக்'னு சிரிப்பா. அப்புறம் மூச்சப் புடிச்சுக்குவா. அவ்ளோதான்போலன்னு நாம நெனைக்கறப்ப நீளமா ஒண்ணு விடுவா பாருங்க. சந்துல போறவங்க நின்னு கேட்டுட்டுப் போவாங்க."

வசுமதி தான் கேட்க வந்ததைக் கேட்டாள். "தளர்த்தச் சொன்னதுக்கு… இப்ப வருத்தப்படறீங்களா?"

ஜமீலா வாசலைப் பார்த்தாள். "வருத்தம் ரெண்டு பக்கமும் இருந்துச்சும்மா. இறுக்கி வெச்சிருந்தப்ப மவ உசுரோட இருந்தா, ஆனா வீட்ல இல்ல. தளர்த்தினப்புறம் வீட்டுக்கு வந்தா. வந்துட்டுப் போயிட்டா. எது சரின்னு என்னைக் கேக்காதீங்க. இன்னைக்கு ஒண்ணு சொல்லுவேன், நாளைக்கு வேற சொல்லுவேன்."

கிளம்பும்போது அவளே சொன்னாள்: "அவ தலைக்குள்ள ஓடினது அத்தனையும் ஆஸ்பத்திரியில பதிவா இருக்காம். எடுத்துக்கங்க, வேற புள்ளைங்களுக்காவது ஆகட்டும்னு குடுத்துட்டேன். டாக்டரம்மா ஏதோ செய்யறாங்களாம்."

வசுமதி தளர்த்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்தாள், ஒவ்வொரு நாளும் அந்த முகம் வந்து வாயை அடைத்தது.

தை பிறந்ததும் டாக்டர் கூப்பிட்டார். அரணுக்குப் புது மாற்றம் வந்திருந்தது. அறுவை எதுவும் இல்லை. காதருகே ஒரு தட்டை வைத்து எடுத்தார்கள், முடிந்துவிட்டது. "இது சந்தோஷத்தையும் வலிப்பையும் பிரிச்சுப் பாக்கும். பாத்துச் சந்தோஷத்தை விட்டுரும்" என்றார் டாக்டர். அவர் குரலிலேயே ஒரு துள்ளல் இருந்தது.

மறுநாள் காலை வசுமதி மோட்டாரைப் போட்டுவிட்டுத் தம்பிக்கு முன்னால் மாடிக்கு ஓடினாள். குழாய் இருமியது. கை எழும்பியது. இறங்கியது. அடுத்த நாளும் அப்படியே. பிறகு பூபதி மாடிக்கு வருவதையே விட்டுவிட்டான்.

மாசி மாதத்தில் ஒரு பிற்பகல். பழைய படுக்கைவிரிப்பை அடுப்படிக்குக் கைத்துணியாக்கலாம் என்று வசுமதி தரையில் உட்கார்ந்து கிழித்தாள். முதல் கிழிசல் முடிவதற்குள் கூடத்திலிருந்து ஓடிவரும் காலடி. பூபதி வாசற்படியில் நின்றான். முகம் முழுக்க வெளிச்சம்.

"ஹெக், ஹெக்" என்றான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டான். வசுமதியின் கையில் துணி அப்படியே நின்றது. பிறகு நீளமாக, வீடு முழுக்க நிறைகிறாற்போல், அவன் சிரித்தான்.

எத்தனை மாதங்களாக அவள் காத்திருந்த சிரிப்பு! எழுந்து அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் ஜமீலா தையல்கடையில் சொல்லிக்காட்டிய சிரிப்பு அது; அவள் எழுந்திருக்கவில்லை. பூபதி விரிப்பின் முனையை எடுத்து அவள் விரல்களுக்கிடையில் திணித்தான். "க்கா" என்றான். இன்னும் வேண்டுமாம். அவள் கிழித்தாள்.

டாக்டர் ஹெப்சிபா அதைக் கேட்டுவிட்டு எழுந்துபோய் ஜன்னலருகே நின்றார்.

"ரெண்டும் நிறையப் பதிவான ஆள் ரிஸ்வானா மட்டும்தான், வசுமதி. மத்தவங்களுக்கெல்லாம் கொஞ்ச நாள் பதிவுதான், தளர்த்தி வெச்சிருந்தது அவளுக்கு மட்டும்தானே. அவகிட்டயிருந்துதான் அரண் சந்தோஷம்னா என்னன்னு கத்துக்கிட்டுது."

"அதனால?"

"ரிஸ்வானாவோட சந்தோஷம் மாதிரி எழும்பறதை மட்டும் விடுது. சட்டுன்னு ஏறும், நிக்கும், மறுபடி ஏறும். பூபதியோடது மெல்ல ஏறற ஜாதி. அது இன்னும் வலிப்புக் கணக்குலதான் இருக்கு. எல்லா மடையையும் அடைச்சுட்டு ஒண்ணை மட்டும் தொறந்து வெச்சா தண்ணி அந்தப் பக்கமாத்தானே போகும்? அவன் மூளை அந்த வழியைத் தேடிக் கண்டுபிடிச்சிருக்கு. இப்படி ஆகும்னு நாங்க யாரும் நினைக்கல."

"அப்பச் சிரிக்கறது யாருங்க?"

"பூபதிதான்" என்று உடனே சொன்னார் டாக்டர். கொஞ்சம் பொறுத்து, "அப்படித்தான் நினைக்கறேன்" என்றார்.

ஜமீலாவிடம் சொல்வதா வேண்டாமா என்று வசுமதி புழுங்கிக்கொண்டிருந்தபோது ஜமீலாவே போன் செய்தாள். "புதுசா ஏதோ போட்டாங்களாமே, தம்பி சிரிச்சானா?"

"சிரிச்சானுங்க."

குரலில் என்ன இருந்ததோ, ஜமீலா உடனே போனை வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு நேரில் வந்துவிட்டாள்.

வசுமதி துணியையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். பூபதி தலையணை உறையை உருவிக்கொண்டு வந்து ஜமீலாவின் கையில் கொடுத்தான். ஜமீலா பழக்கத்தில் பல்லால் ஒரு கடி வைத்துச் சர்ரென்று இழுத்தாள்.

ஹெக், ஹெக். நிறுத்தம். நீளமாக ஒன்று.

ஜமீலா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. வசுமதி பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதையெல்லாம் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். ஜமீலா கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. மறுபடி கிழித்தாள். மறுபடி. உறை நூலும் துணுக்குமாகிற வரைக்கும் கிழித்தாள்.

"அடுத்த வாரமும் வரட்டுமாம்மா?" என்றாள்.

வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? ஒவ்வொரு ஞாயிறும் ஜமீலா ஒரு பை நிறையத் துணித்துண்டுகளோடு வந்தாள். பூபதிக்குப் பிடித்த முறுக்கும் கொண்டுவந்தாள். வசுமதி அடுப்படியில் நின்றுகொள்வாள். கூடத்திலிருந்து கிழிகிற சத்தம் வரும், அதன்பின் அந்தச் சிரிப்பு வரும். ஓர் இருபது வயதுப் பெண் தன் வீட்டுக்குள் ஓடி விளையாடுவதுபோல் இருக்கும். எட்டிப் பார்த்தால் தாடியும் மீசையுமாகத் தன் தம்பி. சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொள்வாள். சந்தோஷமாகத்தானே இருக்கிறான், உனக்கென்ன கேடு என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

ஒருநாள் ஜமீலா, பைக்குள் கையை விட்டுக்கொண்டே, யோசனையில்லாமல், மகளைக் கூப்பிடுவதுபோல் "ரிசு" என்றாள். பூபதி திரும்பிப் பார்த்தான்.

எந்தச் சத்தத்துக்கும் அவன் திரும்பியிருக்கலாம். ஆனால் அன்று வசுமதி முடிவு செய்துவிட்டாள்.

"இவனோடதையே இவனுக்குச் சொல்லிக் குடுக்க முடியாதுங்களா?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

"முடியும். அரணைத் திறந்துவிட்டு அவனோட சந்தோஷத்தைப் பதிவு செஞ்சு கத்துக்குடுக்கணும். வார்டுலயே வெச்சுப் பாத்துக்குவோம். ஆனா திறந்திருக்கற நாள்ல வலிப்பு வரும். மூச்சு நிக்கவும் கூடும்."

"நின்னா?"

"பக்கத்துல இருப்போம். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

வசுமதி சம்மதித்தாள். ஜமீலாவிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் இருக்க மாட்டோம் என்று மட்டும் போனில் சொன்னாள். "சரிம்மா" என்றாள் ஜமீலா. எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

வார்டில் முதல் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வலிப்பு வந்தது. மறுபடியும் வந்தது. இரண்டாவது தடவை அந்த முகம் திரும்ப வந்தது, கண்ணுக்கு நேரே, நினைவாக அல்ல. டாக்டர் ஹெப்சிபாவே அவன் நெஞ்சில் கை வைத்து அழுத்தினார். வசுமதி சுவரோரம் நின்று, 'நான் கேட்டதுதானே, நான் கேட்டதுதானே' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சு வந்தது.

"நிறுத்திரலாமா?" என்றார் டாக்டர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

வசுமதி தம்பியைப் பார்த்தாள். நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை. அதையே தொடரலாம் என்ற பதிலாக டாக்டர் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் மாடித் தொட்டியைக் கழுவுகிறார்கள் என்று வார்டில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. காலையில் தண்ணீர் திறந்துவிட்டபோது கைகழுவும் இடத்துக் குழாய் திடுக்கென்று இருமியது. கட்டிலில் உட்கார்ந்திருந்த பூபதியின் கைகள் காதருகே போயின. 'ங்ங்' என்று ஆரம்பித்தது. ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. வலிப்பா என்று நர்ஸ் ஓடிவந்தாள். தண்ணீர் கொட்டியது.

"ஙா!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். வசுமதி குழாயை மூடினாள், திறந்தாள், மூடினாள், திறந்தாள். டாக்டர் திரையைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரிஸ்வானாவுடையதற்குப் பதிலாக அதை அரண் கற்றுக்கொண்டது. சில நாள் கழித்துச் சோதித்துப் பார்த்தார்கள். பூபதிக்கு வலிப்பு வரவில்லை, குழாய்க்குச் சிரித்தான். கடைசியாக நர்ஸ் ஒரு துணியைக் கிழித்தாள். பூபதி காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வசுமதி வெளியே வந்து வராந்தாவில் நின்றாள். நிம்மதியாகத்தான் இருந்தது. அதோடு, யாரையோ எரித்துவிட்டுத் திரும்பியவளைப் போலக் குளிக்க வேண்டும்போலவும் இருந்தது.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் இருவரும் புறநோயாளிகள் கூடத்தின் வழியாக நடந்துபோனார்கள். காலை நேரம், நல்ல கூட்டம். ஒரு மேஜையருகே நர்ஸ் வரிசையாக ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் சுற்றிய பட்டையைப் பிரித்தாள். ஒட்டிக்கொண்டிருந்தது பர்ரென்று கிழிகிற மாதிரிப் பிரிந்தது.

ஹெக், ஹெக்.

வசுமதி நின்றாள். தாயின் மடியில் ஒரு ஐந்து வயதுப் பையன், மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு நீளமாக விட்டான். அவன் சிரித்து முடிப்பதற்குள் கூடத்தின் மறுகோடியிலிருந்து இன்னொன்று வந்தது. தலை நரைத்த ஒரு பெரியவர், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, அதே தாளத்தில். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புது மாற்றம் பூபதிக்கு மட்டும் போடப்பட்டதல்ல. அரண் வைத்திருக்கிற எல்லோருக்கும் போடப்பட்டது.

மேஜைக்கு அருகில் இருந்த இரும்பு நாற்காலியில் ஜமீலா உட்கார்ந்திருந்தாள். கையில் சீட்டு இல்லை, பக்கத்தில் நோயாளி இல்லை. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போலச் சாவதானமாக உட்கார்ந்திருந்தாள். வசுமதியைப் பார்த்ததும் இடம் ஒதுக்கினாள்.

"தம்பிக்கு அவஞ்சிரிப்பு வந்துருச்சாம்மா?"

"வந்துருச்சுங்க. உங்ககிட்டச் சொல்லாம நான்…" வசுமதி ஜமீலாவின் தோளைத் தொட்டாள். "என்னை மன்னிச்சிருங்கக்கா."

"எதுக்கு? அவனோடது அவனுக்கு வரணும்ல." ஜமீலா பூபதியின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு விட்டாள். "நான் தெனமும் வந்துர்றேன். காலைல மொத பஸ்ஸு. இங்க எனக்கு நெறையப் பேர் இருக்காங்கம்மா."

மடியில் பையனை வைத்திருந்த அந்தத் தாய் இவர்கள் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் பூரிப்பு. "பொறந்ததிலிருந்து சிரிச்சதே இல்லைங்கக்கா. இப்பத்தான் ஒரு மாசமா. நல்லாச் சிரிக்கறான்ல?"

வசுமதி ஜமீலாவைப் பார்த்தாள். ஜமீலாவின் கண்கள் வசுமதியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. நர்ஸ் அடுத்த ஆளின் கையிலிருந்து பட்டையைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"ஆமாங்க" என்றாள் வசுமதி. "நல்லாச் சிரிக்கறான்."

பூபதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலை நோக்கி வேகமாக நடந்தான். அவள் அவன் பின்னாலேயே போனாள்.